கோயிலின் இடது பக்கம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், படிக்கட்டு முடிகிற இடத்தில், மேலே சிவப்பு பல்பு வைத்த ஒரு கதவு இருக்கிறது. நாள் முழுக்க அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "அசையாதீங்க! மூச்சை இழுத்துப் பிடிங்க!" கதவுக்குள் ஈயத்தகடு பதித்திருக்கிறார்கள், எக்ஸ்ரே கதிர் ஒரு பொட்டுகூட வெளியே வராது. ஆனால் அந்தக் குரலுக்கு ஈயமாவது இரும்பாவது! வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள், அவர்களுக்குத் துணையாக வந்தவர்கள், தரையைத் துடைத்துக்கொண்டு போகிறவர், எல்லோரும் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "விடலாம்" என்று உள்ளேயிருந்து உத்தரவு வந்த பிறகுதான் அந்த நடைவழியில் காற்றே நடமாடும்.

குரலுக்குச் சொந்தக்காரியை ஆஸ்பத்திரி முழுக்க மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரிடம் "பிடிங்க" என்று சொன்னவள், "விடலாம்" சொல்ல மறந்து, படம் நன்றாக விழுந்ததா என்று பார்க்க உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்தால் மனிதர் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முகம் கத்தரிக்காய் நிறத்தில் நிற்கிறார். "ஐயையோ, ஐயா! விடுங்க, விடுங்க!" என்று பதறினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "நீங்க சொல்லலையேம்மா" என்றார். அன்றிலிருந்து எதை மறந்தாலும் அந்த ஒரு வார்த்தையை அவள் மறந்தது கிடையாது.

தொழில் அவளை ஒரு விஷயத்தில் மட்டும் குட்டிச்சுவராக்கிவிட்டது. எக்ஸ்ரே படத்தில் ஆள் நம்மைப் பார்த்து நிற்பதாகத்தான் கணக்கு. அவருடைய இடது பக்கம் நமக்கு வலது பக்கம் வரும். யாரும் குழம்பிவிடக்கூடாது என்று படத்தின் ஓரத்தில் ஈயத்தில் செய்த சின்ன எழுத்தை வைத்து எடுப்பார்கள், இது இடது, இது வலது என்று. இதையே வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, எதிரே எது நின்றாலும் அதன் இடதுதான் இடது என்று அவளுக்கு ஊறிவிட்டது. ஆளுக்கு மட்டுமில்லை. அலமாரிக்கும் அப்படித்தான், பஸ்ஸுக்கும் அப்படித்தான்.

அவள் இருப்பது அண்ணன் வீட்டு மாடி அறையில். "அண்ணி, பீரோவுல இடது பக்கம் போர்வை இருக்கு, எடுங்க" என்பாள். அண்ணி இடது கதவைத் திறந்தால் இருமல் மருந்தும் பழைய குடையும் இருக்கும். கொஞ்ச நாள் சண்டை நடந்தது. அப்புறம் வீட்டில் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். அவள் இடது என்று வாயைத் திறந்தாலே அண்ணி அடுப்படியிலிருந்து கேட்பாள்: "பீரோவோட இடதாடி, நம்ம இடதா?" இந்தக் கேள்வியை அந்த வீட்டில் ஒரு நாளில் எத்தனை தடவை கேட்பார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் எண்ணுகிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவள் உயிரையே வைத்திருக்கிற விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி? கோயில். சாமி கும்பிடப் போகிற கோயில் இல்லை, அதற்கு அண்ணி இருக்கிறாள். மூச்சக்காவுக்கு வேண்டியது பழைய கோயில். எந்த நாடு, யாருடைய சாமி, சாமி இன்னும் குடியிருக்கிறதா காலி செய்துவிட்டதா, அதெல்லாம் கவலையில்லை. கல்லோ மரமோ செங்கல்லோ, நூற்றாண்டுகளைத் தாங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். வருஷம் முழுக்க லீவைச் சேர்த்துவைத்து, ஒரு தடவையாக எடுத்து, ஒரு கோயிலுக்குப் பறப்பாள். கூரையே இல்லாமல் தூண்கள் மட்டும் கடலைப் பார்த்து நிற்கும் கோயில், பனி மூடிய மரக்கோயில், ஆற்றங்கரையில் பாறையைக் குடைந்த கோயில், வயல்வெளி முழுக்க முளைத்தது மாதிரி நிற்கும் செங்கல் கோயில்கள். ஆஸ்பத்திரியில் உடம்புக்குள் இருக்கிற எலும்பைப் பிடிப்பவள், வெளியே போனால் மண்ணின் எலும்பைப் பிடிக்கிறாள் என்று பெரிய டாக்டர் ஒரு நாள் சொன்னார். அவள் அதைக் கேட்டு நாள் முழுக்க வாயெல்லாம் பல்லாகத் திரிந்தாள்.

ஆனால் உலகத்தில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரு தொல்லை உண்டு. மனிதர்கள்! ஆயிரம் வருஷத்துத் தூணுக்கு முன்னால் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர் நகர்ந்தால் தொப்பி போட்ட அம்மா வருவாள். அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் கொட்டுவார்கள். இவர்கள் முகத்தை இவர்கள் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளக் கூடாதா? அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா? மூச்சக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கேமராவின் கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டுவாள். வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். அதனால் கேமராவை முக்காலியில் நிறுத்தி, நிமிஷக்கணக்கில் திறந்தே வைக்கலாம். அவ்வளவு நேரத்தில் நடக்கிறவர்கள், திரும்புகிறவர்கள், விரல் காட்டுகிறவர்கள் யாரும் படத்தில் நிற்க மாட்டார்கள், கரைந்து போவார்கள். அசையாதது மட்டும் விழும். திருவிழாக் கூட்டம் மாதிரி நெரியும் கோயில்கூட அவள் படத்தில் துடைத்துவிட்டது போல் காலியாக இருக்கும்.

அந்தப் படங்களில் ஒன்றை எக்ஸ்ரே அறையில், நெஞ்சைச் சாய்த்து நிற்கிற பலகைக்கு மேலே, கொஞ்சம் உயரத்தில் மாட்டியிருப்பாள். மார்பு எக்ஸ்ரேவுக்கு முகவாயைத் தூக்க வேண்டும். நூறு தடவை தூக்குங்க தூக்குங்க என்று கத்துவதைவிட, "அங்க மேல ஒரு கோயில் இருக்கு பாருங்க" என்றால் தானாகத் தூக்கிவிடுவார்கள். கோயிலைப் பார்த்தபடியே மூச்சைப் பிடிப்பார்கள்.

லிஃப்ட்காரரை அவள் சந்தித்தது, சரியாகச் சொன்னால் மிதித்தது, இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஒரு குன்றின் மேலிருந்த கோயில். உள்மண்டபம் முழுவதும் படத்தில் அடங்கவில்லை என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து போனாள். கால் எதிலோ மெத்தென்று பட்டது. அடுத்த விநாடி அவள் ஒரு மனிதர் மேல் உட்கார்ந்திருந்தாள். அந்த மனிதர் மஞ்சள் பாய் ஒன்றை விரித்து, மல்லாந்து படுத்து, கூரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கோயில்ல வந்து நடுவுல படுத்திருக்கீங்க!" என்றாள் அவள், எழுந்திருக்கக்கூடத் தோன்றாமல்.

"ஏங்க, முதுகுல கண்ணு வச்சிருக்கிறவங்க மாதிரி பின்னாடியே வர்றீங்க!" என்றார் அவர், கீழேயிருந்து. "எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன்."

எழுந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரே மொழி என்பது உறைத்தது. இவ்வளவு தூரம் வந்து சண்டை போடவும் சொந்த மொழியில் ஆள் கிடைத்ததே என்று இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், வேறு ஊர்க்காரர். லிஃப்ட் பெட்டியின் அடியில் மல்லாந்து படுத்துச் சக்கரத்தையும் கயிற்றையும் பார்த்தே பாதி ஆயுள் போனதாம். அதனால் எதையும் படுத்துப் பார்த்தால்தான் அவருக்குப் புரியுமாம். உலகத்துக் கோயில்களின் கூரைகளை மட்டும் தேடித் தேடி எடுக்கிறார். பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் எங்கேயாவது ஒரு லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டு, இவருக்குப் போன் வந்துவிடும். அப்படியே கல்யாணம் தள்ளிப் போய்க் கடைசியில் காணாமலே போய்விட்டது.

"எனக்குத் தெரிஞ்சது ரெண்டே திசைதாங்க" என்றார். "மேல, கீழ. மத்ததெல்லாம் யாராவது சொன்னா அப்படியே நம்பிடுவேன்."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்ட பிறகு அவள் எதிர்ப்பக்கமிருந்து அந்த மண்டபத்தை எடுத்திருந்தாள். ஊருக்குத் திரும்பி அந்தப் படங்களைப் பார்த்தபோது, கூட்டமெல்லாம் கரைந்து காலியாக இருந்த அந்த மண்டபத்தின் தரையில் ஒரு மஞ்சள் கோடும், அதன் மேல் ஒரு மனித உருவமும் பளிச்சென்று இருந்தன. அத்தனை நேரமும் அந்த மனிதர் இம்மியும் அசையவில்லை! எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு இதைவிட மயங்குவதற்கு வேறென்ன வேண்டும்? இத்தனை வருஷத்தில் சொல்லாமலே அசையாமல் இருந்த ஒரே ஆள். படத்தை அவருக்கு அனுப்பினாள். அவர் அதே மண்டபத்தின் கூரையை அனுப்பினார். அப்படி ஆரம்பித்தது.

இரண்டு வருஷம் படம் போனது, படம் வந்தது. அவள் கோயிலின் முகத்தை அனுப்புவாள், அவர் மேல்வயிற்றை அனுப்புவார். படத்தோடு ஒரு வரி வரும், அப்புறம் பத்து வரி, அப்புறம் போன். மாடி அறையில் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டு அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து படியில் நின்று காது கொடுத்திருக்கிறாள். "கூரையப் பத்தி இவ்வளவு சிரிக்க என்னடி இருக்கு?" என்று கேட்டாள். மூச்சக்கா அசடு வழிந்தாள். நாற்பதைத் தாண்டிய முகத்தில் அசடு வழிவதைப் பார்க்க அண்ணிக்குக் கண் கொள்ளவில்லை. நாத்தனாருக்கு வரன் பார்த்துப் பார்த்து ஓய்ந்தவள் அவள்தான்.

ஒரு நாள் அவர் போனில் மென்று முழுங்கினார். "நாம ரெண்டு பேரும் ரொம்ப நாளா பாக்கணும்னு சொல்லிட்டிருக்கோமே, அந்த ரெட்டைக் கோபுரக் கோயில். இந்த வருஷம் நீங்களும் அங்கதான் போறீங்க, நானும் அங்கதான் போறேன். அங்க வச்சு ஒண்ணு கேக்கணும். ஆனா கேட்டா உங்களுக்குச் சங்கடமாயிடுமோன்னு பயமா இருக்கு. அதனால... விடியக்காலைல ஒரு இடத்துல நிக்கிறேன். உங்களுக்குச் சம்மதம்னா வாங்க. இல்லேன்னா வராதீங்க. ஏன் வரலைன்னு நான் கேக்கவே மாட்டேன். எப்பவும் போல படம் அனுப்புவேன். சத்தியமா."

அவளுக்கு நெஞ்சு காது வரை வந்து அடித்தது. "நானும் கேக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். "நீங்க வரலைன்னா, மனசு மாறிட்டீங்கன்னு நானும் விட்டுடுவேன். போன் எல்லாம் ரூம்லயே வச்சுட்டு வரணும். சரியா?"

"சரி. எங்க நிக்கட்டும்?"

அவள் கண்ணை மூடினாள். அந்தக் கோயில் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். நீளமான மேடை, மேடைக்கு இந்தக் கோடியில் ஒரு கோபுரம், அந்தக் கோடியில் ஒரு கோபுரம். கோயில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன்னைப் பார்த்து நிற்பது போலிருந்தது. இதயம் எந்தப் பக்கம் இருக்கும்? இதில் என்ன சந்தேகம்!

"இடது கோபுரத்துக்கு அடியில" என்றாள்.

"இடது கோபுரம்" என்று அவர் நம்பிக்கையோடு திருப்பிச் சொன்னார்.

அண்ணி மட்டும் அன்றைக்குப் படியில் நின்று காது கொடுத்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. கேள்வியை நேரே போனில் கேட்டுத் தொலைத்திருப்பாள். அவள் அன்றைக்குப் பார்த்துக் கடைக்குப் போயிருந்தாள்.

மூச்சக்கா கிளம்பின நாளில் கால் தரையில் பாவவில்லை. பெட்டியில் கேமராவை வைத்தாள், எடுத்தாள், புடவையை வைத்தாள், எடுத்தாள். எக்ஸ்ரே அறையில் ஒரு அம்மாவின் முழங்காலுக்குப் பதில் வெறும் மேஜையைப் படம் எடுத்தாள். "விடலாம்" என்று பிடிக்கச் சொல்லாதவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரியே மூக்கின் மேல் விரல் வைத்தது.

அந்த நாள் விடிவதற்கு முன்பே கோயில் வாசலுக்குப் போய்விட்டாள். உள்ளே நுழைந்ததும் கோயில் முழுசாக எதிரே எழுந்து நின்றது. அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வலது பக்கம் திரும்பி, மேடை ஏறி, கோடியில் நின்ற கோபுரத்தை நோக்கி நடந்தாள். கோயிலின் இடது கோபுரம்! அடியில் போய் நின்று, புடவை மடிப்பைச் சரி செய்து, முக்காலியைப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டாள். முக்காலியின் ஒரு கால் எப்போதோ உடைந்து, ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி சுற்றி மாவுக்கட்டுப் போட்ட கால் மாதிரி இருக்கும். அதை மட்டும் கோபுரத்துப் பக்கமாகத் திருப்பி மறைத்து வைத்தாள்.

வெளிச்சம் வந்தது. கோபுரத்தின் உச்சி முதலில் சிவந்தது, அப்புறம் கழுத்து, அப்புறம் தோள். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தொப்பிகள், குடைகள், பச்சைக் கொடி பிடித்த ஒரு வழிகாட்டி, அவர் பின்னால் வரிசையாக ஒரு கூட்டம். ஒவ்வொரு மஞ்சள் நிறத்துக்கும் அவள் நெஞ்சு குதித்தது. மஞ்சள் சட்டை, மஞ்சள் பை, மஞ்சளாக ஒரு குழந்தையின் பலூன். மஞ்சள் பாய் மட்டும் வரவில்லை.

வழியில் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தாள். எங்கேயாவது லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கூடப் பார்த்தாள். மேடையில் எள் விழ இடமில்லாமல் கூட்டம் சேர்ந்தது. சிரிப்பு மெல்ல வற்றியது. வராதீங்க என்று சொன்னதே அவர்தானே, அவருக்கே மனசு மாறியிருக்கலாம். கேட்க மாட்டேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டாளே! கேட்க முடியாது. இனிமேல் கூரைப் படம் வரும், அதற்கு ஒரு வரி எழுத வேண்டும், எதுவும் நடக்காதது போல. கன்னம் நனைந்ததைத் துடைக்கவும் கை எழவில்லை.

சரி, வந்ததற்கு வேலையையாவது பார்ப்போம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். முக்காலியில் கேமராவை ஏற்றி, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, மேடை நெடுக அந்தக் கோடிக் கோபுரம் வரைக்கும் படத்தில் அடக்கினாள். திறந்துவிட்டு நின்றாள். கூட்டம் குறுக்கும் நெடுக்கும் போனது, விரல் காட்டியது, முடியைக் கோதியது. போங்கப்பா போங்க, எல்லாரும் கரைந்து போங்க என்று மனசுக்குள் சபித்தாள். இத்தனை கோயிலில் இத்தனை மனிதர்களைக் கரைத்ததற்குத்தான் இந்தத் தண்டனையோ என்றும் தோன்றியது.

படம் வந்தது. வழக்கம் போல மேடை காலியாக, கழுவிவிட்டது போல் கிடந்தது. நெஞ்சுப் படத்தில் சின்னப் புள்ளி இருந்தாலும் விடாமல் தேடுகிற கண் அவளுக்கு. பழக்க தோஷத்தில் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனாள். அந்தக் கோடிக் கோபுரத்துக்கு அடியில் ஏதோ இருந்தது. இன்னும் பெரிதாக்கினாள்.

மஞ்சளாக, நேராக, ஒரு கோடு. சுருட்டின பாய். பாயைத் தோளோடு அணைத்தபடி ஒரு ஆள்.

இவ்வளவு பெரிய கூட்டத்தில் எல்லோரும் கரைந்து போயிருக்கிறார்கள், ஒரே ஒரு ஆள் மட்டும் கரையவில்லை. அத்தனை நேரமும் அசையாமல் நின்றிருக்கிறார். கோயிலுக்கு வந்தவர்கள் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். காத்திருக்கிறவர்தான் நிற்பார்.

"அவர் ஏன் அங்க..." என்று வாய்விட்டுச் சொன்னவளுக்குப் பாதியிலேயே அண்ணியின் குரல் மண்டைக்குள் ஒலித்தது. பீரோவோட இடதாடி, நம்ம இடதா?

"ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பச்சைக்கொடி வழிகாட்டி திரும்பிப் பார்த்தார். மூச்சக்கா கேமராவை ஒருபோதும் தனியாக விட்டதில்லை, விமானத்தில் கழிப்பறைக்குப் போனால்கூடக் கூட எடுத்துக்கொண்டு போவாள். அன்றைக்கு அதை அம்போ என்று விட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். மன்னிச்சுக்கோங்க, வழி விடுங்க, விரலை மடக்குங்க! ஒரு தொப்பி பறந்தது. யாரோ ஒருவருடைய படத்தில் அவள் குறுக்கே விழுந்தாள், இன்னொருவருடைய படத்திலும் விழுந்தாள், அன்றைக்கு அந்தக் கோயிலில் எடுத்த படம் எதிலும் அவள் இல்லாமல் இல்லை. நாற்பதும் சொச்சமும் எங்கே போயினவோ. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, தலைகால் புரியாமல் ஓடினாள்.

அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தால், ஆளைக் காணோம்.

கோபுரத்தைச் சுற்றி வந்தாள். இல்லை. படி இறங்கிப் பார்த்தாள். இல்லை. போய்விட்டாரா? விட்டுடுவேன் என்று அவளே சொன்னாளே, விட்டுவிட்டாரா? கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, தான் ஓடி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கோடியில், அவளுடைய முக்காலிக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு கோடு.

நடந்தது இதுதான். அவர் பார்த்தார், பார்த்தார், விடிந்து வெகு நேரமாகியும் அவள் வரவில்லை. சரி, சம்மதமில்லை என்று புரிந்துகொண்டு, வந்ததற்கு, மேடைக்குப் பின்னால் இந்தக் கோபுரத்திலிருந்து அந்தக் கோபுரம் வரைக்கும் ஓடுகிற நடைமண்டபத்தின் கூரையையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று உள்ளே திரும்பினார். ஈரக் கண்ணோடு அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நடந்தால் பக்கத்து மேடையில் யார் ஓடுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? மண்டபம் முடிந்து வெளியே வந்ததும் எதன் மேலோ இடித்துக்கொண்டார். விழப்போன கேமராவைத் தாவிப் பிடித்தார். குன்றுக் கோயிலில் பார்த்த அதே பிளாஸ்திரி சுற்றிய காலைப் பார்த்ததும் ஆடிப் போனார்.

இப்போது அவர் பம்பரமாகச் சுற்றிச் சுற்றித் தேடுவது இங்கிருந்தே தெரிந்தது. சுற்றியவர் மறுபடியும் மண்டபத்தின் வாசலைப் பார்த்துக் காலெடுத்து வைத்தார். வந்த வழியே அவர் வருவார், ஓடின வழியே இவள் போவாள், மறுபடியும் இடமும் வலமும் மாறும். இப்படியே சாயங்காலம் வரைக்கும் ஓடலாம். யாராவது ஒருத்தர் அசையாமல் நின்றே ஆக வேண்டும்.

மூச்சக்கா நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள்.

"அசையாதீங்க! மூச்சை இழுத்துப் பிடிங்க!"

ஈயக் கதவையே துளைக்கிற குரல் அது, திறந்த வெளியில் கேட்க வேண்டுமா? மேடை முழுக்க அத்தனை பேரும் உறைந்தார்கள். மொழி புரிந்தவர், புரியாதவர் என்ற பேதமே இல்லை. விரல் காட்டியவர் காட்டிய விரலோடு நின்றார். பச்சைக்கொடி பாதியில் நின்றது. ஒரு குழந்தை பலூனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்பிக்கொண்டது. புறாக்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்தக் கோடியில் லிஃப்ட்காரர் தூக்கிய காலைத் தூக்கியபடியே, பாயை அணைத்துக்கொண்டு, சிலையாக நின்றார்.

அசையாமல் நிற்கும் கூட்டத்துக்குள் புகுந்து அவள் மறுபடியும் ஓடினாள். வாழ்நாளில் முதல் தடவையாக மனிதர்கள் யாரும் அவளுக்குத் தொல்லையாகத் தெரியவில்லை. எல்லோரும் அழகாக இருந்தார்கள், தொப்பி போட்ட அம்மாகூட.

எதிரே போய் நின்றாள். ஓடி வந்ததில் அவளுக்குப் பேச மூச்சில்லை. மூச்சைப் பிடித்திருந்ததில் அவருக்கும் பேச வழியில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லக் கடல் கடந்து வந்த இரண்டு பேரும் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றார்கள். அவர் முகம் சிவந்து, மெல்லக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. ஒரு விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, புருவத்தை உயர்த்தினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"விடலாம்!" என்றாள் அலறிக்கொண்டு. "விடலாம், விடலாம்!"

அவர் விட்டார். பின்னால் மேடை முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பியது.

"இடதுன்னு சொன்னீங்களே" என்றார் அவர் மூச்சு வாங்க. "எனக்குத் தெரிஞ்சது ரெண்டு திசை, மூணாவதா நீங்க சொன்னதை நம்பி..."

"கோயிலோட இடதுங்க!"

"கோயிலுக்கு ஏதுங்க இடது?"

அவள் விளக்க ஆரம்பித்தாள். கையை நீட்டி, கோயிலைக் காட்டி, நெஞ்சைத் தொட்டு, இதயம், எக்ஸ்ரே, பீரோ, அண்ணி என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினாள். அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் மஞ்சள் பாயைக் கோபுரத்துக்கு அடியில் விரித்தார். "கேக்கணும்னு வந்தேன். நின்னுக்கிட்டு எனக்குக் கேக்க வராது" என்றார். இரண்டு பேரும் பாயில் மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்த்தார்கள். கோபுரம் அடியிலிருந்து அப்படியே வானத்துக்குள் ஏறியது. அவர் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

கிளம்புவதற்கு முன் அவள் முக்காலியைத் தள்ளி வைத்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, கேமராவைத் தானாக எடுக்க விட்டுவிட்டுப் பாயில் வந்து விழுந்தாள். "அசையக் கூடாது" என்றாள். அவர் அசையவில்லை. அவள்தான் அசைந்தாள். சிரிப்பு வந்தால் என்ன செய்வது? அவள் குலுங்க, அவருக்கும் தொற்றிக்கொண்டது.

அந்தப் படம்தான் இப்போது எக்ஸ்ரே அறையில், நெஞ்சுப் பலகைக்கு மேலே இருக்கிறது. கோபுரம் கீறிவிட்டது போல் துல்லியமாக விழுந்திருக்கிறது. கூட்டம் ஒரு பொட்டு இல்லை. கீழே மஞ்சள் பாயின் மேல் புகை போல இரண்டு உருவங்கள், எது யார் என்று தெரியாமல் ஒன்றின் மேல் ஒன்று குழம்பிக் கிடக்கின்றன.

புது வேலையில் சேர்வதற்கு உடல் பரிசோதனை வேண்டுமென்று போன வாரம் அண்ணி அங்கே வந்தாள். "அண்ணி, அங்க மேல ஒரு கோயில் இருக்கு பாருங்க" என்றதும் முகவாயைத் தூக்கினாள். தூக்கியவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"புகை மாதிரி இருக்கேடி. இதுல நீ எது, அவர் எது?"

"இடது பக்கம் நான், அண்ணி. அசையாதீங்க."

அண்ணி அசைந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பியே விட்டாள். "கோயிலோட இடதாடி, நம்ம இடதா?"

மூச்சக்கா பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல் படத்தை எட்டிப் பார்த்தாள்.

"அவரோட இடது, அண்ணி" என்றாள்.